தெருவெல்லாம் இலுப்பைக்கொட்டை

ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க உங்களிடம் இப்போது மிஷின் இருக்கிறது. மூட்டையை எப்படி அடுக்குவது, சுவரை விட்டு எவ்வளவு தள்ளி வைப்பது, வண்டு விழுந்தால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். அதைப் பேச நான் வரவில்லை. சரக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடுத்தெருவில் நின்ற ஒரு மழையைப் பற்றிச் சொல்ல வந்தேன். நீங்கள் குடோன் என்கிற கிட்டங்கி வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரத்தான் செய்யும்.

நான் வேலை பார்த்த கிட்டங்கி விருதுநகரில் ரயிலடிக்குப் போகிற பாதையில் இருந்தது. ஊரில் மற்றவர்கள் வத்தலும் பருப்பும் நிலக்கடலையும் கொள்முதல் பிடித்தால், எங்கள் முதலாளி யாரும் விதைக்காததைப் பிடிப்பார். ஆனி, ஆடியில் வேப்பமுத்து. அதை ஒட்டி இலுப்பைக்கொட்டை. பனி முடிகிற சமயம் மலையிலிருந்து கடுக்காய், பூந்திக்கொட்டை. எல்லாம் மரத்தடியில் குனிந்து பொறுக்கியது. அவரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். சொத்தை பொறுக்குகிற வேலைக்கு வந்த என்னிடம் ஐந்தாறு வருஷத்தில் கிட்டங்கிச் சாவியைக் கொடுத்தார். பொம்பளையிடம் சாவியா என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அண்ணாச்சி எனக்குப் பாடம் என்று எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்வார். "பொறுக்கினவ மடியிலே இருக்கும்போதே அது பாதி நம்ம சரக்குதான் தாயி. அவ வீட்டுலே கெட்டாலும் நமக்குத்தான் நட்டம்." வியாபாரப் பேச்சு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஐம்பதுகள் முடிந்து அறுபது பிறந்த சமயம். ஆவணி மாதம். எங்கள் சீமையில் ஆவணியில் நாலு தூறல் விழுந்தாலே அதிசயம். அந்த வருஷம் வானம் பொத்துக்கொண்டது. விடிந்தால் மழை, அடைந்தால் மழை. அண்ணாச்சி வியாபார விஷயமாகத் தூத்துக்குடி போயிருந்தார். கிட்டங்கியில் வாசல் வரைக்கும் காய்ந்த வேப்பமுத்து. சோப்புக் கம்பெனி ஒன்றுக்குப் போகவேண்டிய ஆர்டர், ரயில் வேகனுக்காகக் காத்திருந்தது.

அந்த மழையில்தான் வத்திராயிருப்புப் பக்கத்து மலையடிவாரத்துப் பெண்கள் வந்தார்கள். வண்டி வண்டியாக இலுப்பைக்கொட்டை. கூட நடந்து வந்தவர்களுக்குச் சேலை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அவர்களில் மூத்தவள் பேச்சியம்மாள். வருஷா வருஷம் அவள்தான் கூட்டி வருவாள். விருதுநகர் என்று அவள் வாயில் வராது, பழைய பேரில் விருதுபட்டி என்றுதான் சொல்வாள்.

"நாலு கடை ஏறி இறங்கிட்டோம் தாயி. ஈரச்சரக்கு வேண்டாம்னு எல்லாரும் கதவைச் சாத்துதாக. நீயும் வேண்டாம்னா சொல்லிரு. திரும்பக் கொண்டுபோக எங்களுக்கு ஆவி இல்லை. கௌசிகா நதியிலே கொட்டிட்டுப் போயிருதோம்."

நான் ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். இளஞ்சூடு. அந்தச் சூடு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஈரத்தோடு கட்டிப்போட்ட எண்ணெய் வித்து உள்ளுக்குள் வேக ஆரம்பித்துவிடும். இரண்டு நாள் விட்டால் பூசணம் பிடிக்கும், காறல் வாடை வரும். அப்புறம் விளக்குக்குக்கூட அந்த எண்ணெய் உதவாது. ஆனால் இது முதல் சூடு. அப்போதே பிரித்துப் பரப்பினால் பிழைத்துக்கொள்ளும்.

கணக்கப்பிள்ளை என் பின்னாலேயே நின்றார். அண்ணாச்சியிடம் என்னைவிட ரொம்ப காலம் இருந்தவர். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர்.

"அண்ணாச்சி இல்லாத நேரம். இதைப் பிடிச்சுட்டு எங்கம்மா வைப்பே? உள்ளே விட்டா வேப்பமுத்தும் சேந்து போயிரும்."

அவர் சொன்னது நியாயம். தூத்துக்குடிக்கு டிரங்கால் போட்டு அண்ணாச்சியிடம் போனில் கேட்கச் சொன்னேன். மழையில் லயன் கிடைக்கவில்லை. பேச்சியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் நுனியெல்லாம் கொட்டை உடைத்துக் கறுத்திருந்தது. வௌவால் தின்று போட்ட கொட்டையை விடியுமுன் போய், மாடு மிதிக்குமுன் பொறுக்கிய கை அது.

"இறக்குங்க. கிட்டங்கிக்குள்ள வேண்டாம், தாழ்வாரத்துலே இறக்குங்க" என்றேன்.

இறக்கச் சொல்லிவிட்டேனே தவிர, பரப்ப இடம் இல்லை. தாழ்வாரத்தில் சாரல் அடித்தது.

அப்போதுதான் அண்ணாச்சியின் மச்சினர் காரில் வந்து இறங்கினார். அவருக்குச் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில் பட்டாசுத் தொழிற்சாலை. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? மழையிலே எங்களுக்கும் வேலை நின்னு கிடக்கு. போன வாரம்தான் பெரிய லோடு அனுப்பிச்சோம். ஷெட்டு காலி. ஓட்டுக்கூரை, ஒரு சொட்டு ஒழுகாது. சிமிண்டுத் தரை. லாரியை அனுப்புதேன், ஏத்தி விடு."

எனக்கு உயிர் வந்தது. கணக்கப்பிள்ளை கையெடுத்தே கும்பிட்டார். லாரி வந்தது, தார்ப்பாயை மூடி முதல் நடையை ஏற்றினோம். நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். சந்தேகப்பட்டு ஒன்றும் இல்லை. சரக்கு எங்கே படுக்கிறதோ அந்த இடத்தைக் கண்ணால் பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது.

ஷெட் அவர் சொன்னதைவிட நன்றாகவே இருந்தது. விசாலம், ஈரம் துளிகூட இல்லை, தரை கண்ணாடி மாதிரி பெருக்கியிருந்தது. ஃபோர்மேன் கதவைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றார். நடுவயதுக்காரர். செருப்பை வாசலுக்கு நாலடி முன்னாலேயே கழற்றி வைத்திருந்தார். லாரி டிரைவர் செருப்போடு ஏறப்போனதும் "கழத்திட்டு ஏறுப்பா" என்று தடுத்தார். காலி ஷெட்டுக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று எனக்குத் தோன்றியது.

"இங்க என்ன வேலை நடந்துச்சு அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் தன் முதலாளியான மச்சினர் இருந்த ஆபீஸ் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "வெடிமருந்து அடைச்ச ஷெட்டும்மா."

"பெருக்கியாச்சுல்ல?"

"பெருக்கிக் கழுவியுமாச்சு. ஆனா எம்புட்டுப் பெருக்கினாலும் மூலைமுடுக்குலே கிடக்கத்தான் செய்யும். அதை இல்லைன்னு நான் சொல்லமாட்டேன்."

நான் குனிந்து, நனைந்திருந்த முந்தானை நுனியால் சுவரோரத் தரையைத் துடைத்துப் பார்த்தேன். சேலையில் சாம்பல் நிறமாக ஒட்டியது. வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளி மாதிரி மினுங்கியது.

அந்த இடத்தில் எனக்கு என்ன ஓடியது என்று சொல்கிறேன். இலுப்பைக்கொட்டை ஈரமாக இருக்கிறது, பிசுபிசுப்பாக இருக்கிறது. இந்தத் தரையில் பரப்பினால் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் மூட்டை கட்டுவோம். அது எங்கே போகும்? இரும்புச் செக்குக்குப் போகும். அங்கே எண்ணெயும் சூடும் இரும்பும் உரசுகிற இடத்தில் இந்த மருந்துத்தூளும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் செக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவன் யாரென்று எனக்குத் தெரியாது. அவனுக்கு என்னையும் தெரியாது. நான் இங்கே குனிந்து துடைத்துப் பார்த்தேன் என்பதும் அவனுக்குத் தெரியப்போவதில்லை.

"அண்ணே, இங்க இறக்க வேண்டாம்" என்று டிரைவரிடம் சொன்னேன்.

மச்சினர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"எத்தனை பேரு கேட்டும் குடுக்காத ஷெட்டை அக்கா வீட்டுக்காரருக்காகத் திறந்து விடுதேன். நீ என் தரையைச் சேலையாலே துடைச்சுப் பாக்குதே. அம்புட்டு அசிங்கமாவா இருக்கு என் எடம்?"

"இடத்துலே குறையில்லை மொதலாளி. பட்டாசுக்குச் சுத்தமான இடந்தான். எங்க சரக்குக்குத்தான் ஆகாது."

"மாமா வரட்டும். உன் சாவி உன் இடுப்புலே இருக்கான்னு பாப்போம்."

அவர் வேகமாகப் போய்விட்டார். லாரி கிளம்பும்போது தார்ப்பாய்க் கயிற்றை ஃபோர்மேனே ஒருமுறை இழுத்துக் கட்டிவிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆனாலும் திரும்புகிற வழியெல்லாம் இடுப்புச் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எனக்கு வீட்டில் படுக்கையோடு கிடக்கும் மாமியார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். மூட்டைகளோ பின்னால் சூடாகிக்கொண்டிருந்தன.

லாரி வந்து நின்றதும் கிட்டங்கியில் சொத்தை பொறுக்குகிற எங்கள் பொறுக்குக்காரிகள் எல்லாம் ஓடி வந்தார்கள். அவர்கள் கிட்டங்கிக்குப் பின்தெருவில் வரிசையாகக் குடியிருந்தவர்கள். ஏன் திரும்பியது என்று கேட்டார்கள். சொன்னேன்.

அப்புறம் ஒருத்தி, வயசுக்கு இளையவள், மெதுவாகச் சொன்னாள். "யக்கா, எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியிலே ஒரு மூட்டை காயும்."

"எங்க அடுப்படிப் பரண் சும்மாதான் இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. கணக்கப்பிள்ளைதான் குறுக்கே வந்தார். "வீட்டுக்குள்ள போன சரக்கு வீட்டுச் சரக்குதான். பாதி திரும்பாது. யாரு எம்புட்டு வாங்குதான்னு எழுதிக் கைரேகையாவது வாங்கு."

"ரேகை வாங்கினா ரேகைக்குத்தக்கதான் பாத்துக்கிடுவாக" என்றேன். எனக்கே அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். ஆனால் சற்று நேரத்தில் ஒரு ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். "என் வீட்டு முன்னறையும் காலிதான்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

எல்லாரும் சுமந்துபோனார்கள். கடைசியில் குருவம்மாள் வந்து நின்றாள். அவளும் பொறுக்குக்காரிதான், சண்டைக்காரி என்று பேர் வாங்கினவள். குழாயடியிலும் அவளுக்கு யாரோடும் ஒத்துவராது. அவள் வீடு சின்னது, ஒருபக்கச் சுவர் மழையில் ஊறியிருந்தது எனக்குத் தெரியும். தயங்கினேன்.

"எனக்கு மட்டும் ஏன் இல்லைங்கீக? நான் திருடியா?" என்றாள்.

"சுவரு ஊறியிருக்கேன்னு பாத்தேன்."

"என் சுவரை நான் பாத்துக்கிடுதேன்."

ஒரு மூட்டை கொடுத்தேன்.

அந்த மழை நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். ஒவ்வொரு வீடாகப் போய்க் கிளறிவிடச் சொல்லி வருவதுதான் என் வேலை. ஒரு வீட்டில் தொட்டிலில் பிள்ளை தூங்கும், தொட்டிலுக்குக் கீழே கொட்டை காயும். தொட்டிலை ஆட்டுகிற காலாலேயே தாய்க்காரி கொட்டையையும் கிளறுவாள். ஒரு வீட்டுக்காரர் என்னைக் கண்டதும், "நாங்க குடியிருக்கோமா, இலுப்பைக்கொட்டை குடியிருக்கா, அதைச் சொல்லிட்டுப் போங்க" என்றார். அப்படிச் சொன்னவர் கொட்டை நனையாமல் இருக்கத் தன் பாயையே அதற்குக் கீழே விரித்திருந்ததை அவர் மனைவி எனக்குக் காட்டினாள்.

இன்னொரு வீட்டில் அந்தச் சமயம் பார்த்துப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். சாத்தூரிலிருந்து மழையோடு மழையாக வந்த மாப்பிள்ளை வீட்டார். கூடம் முழுக்கக் கொட்டை. அள்ளி எடுக்க நேரமில்லை. வந்தவர்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். பெண் காபி டம்ளர்களோடு கொட்டையை மிதிக்காமல் ஓரமாகவே சுற்றி வந்தாள். பேச்சு நடுவில் மாப்பிள்ளையின் அம்மா தன்னையறியாமல் கையை நீட்டிக் கொட்டையைக் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தாளாம். "அடிப்பக்கம் ஈரமா இருக்கு, அடிக்கடி கிளறணும்" என்றாளாம். அந்தப் பெண்ணை அந்த வீட்டுக்கே கொடுத்தார்கள்.

மழை சற்று விட்டபோது அண்ணாச்சி ரயிலில் வந்து இறங்கினார். மச்சினர் ஸ்டேஷனுக்கே போய் எல்லாவற்றையும் சொல்லி, கூடவே அழைத்து வந்துவிட்டார். அண்ணாச்சியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கேட்டால் உடனே கொடுத்துவிடலாம் என்று.

"சரக்கு எங்க தாயி?"

"பின்தெருவிலே அண்ணாச்சி. வீட்டு வீட்டுக்கு இருக்கு."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். முதல் வீட்டில் குனிந்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். ஒரு கொட்டையை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. மச்சினர் குடையோடு பின்னாலேயே வந்தார். தெருக்கோடிக்குப் போனதும் அண்ணாச்சி நின்றார்.

"மாப்ளே, உங்க ஷெட்டுக்குள்ள தீப்பெட்டியோட யாராவது வந்தா விடுவீகளா?"

"அதெப்படி மாமா விட முடியும்?"

"அந்த மாதிரிதான். நீங்க உள்ள வரக்கூடாதுன்னு ஒண்ணை வச்சிருக்கீக. உங்க மருந்து வெளியே போகக்கூடாதுன்னு இந்தப் பிள்ளை பாத்திருக்கு. ரெண்டும் ஒரே புத்திதான். கோவப்படாதீக."

மச்சினர் குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "சாவியை ஏன் கையிலே வச்சிருக்கே? தொலைஞ்சிரப்போவுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் சிவகாசியிலிருந்து ஒரு வேன் வந்தது. புதுப்பட்டி ஃபோர்மேன் இறங்கினார். வேன் நிறையக் காகிதம். அச்சாபீசில் மை பிசகிக் கழித்துப்போட்ட காலண்டர்த் தாள். அது எந்த ஷெட்டுக்கும் போகாமல் பிரஸ்ஸிலிருந்து நேரே வந்தது என்பதை மட்டும் மச்சினர் அழுத்திச் சொல்லச் சொன்னாராம். கொட்டைக்குக் கீழே விரித்தால் ஈரம் உறிஞ்சும் அல்லவா? ஆனால் பாதித் தாளில் லட்சுமியும் முருகனும் இருந்தார்கள். அவர்கள்மேல் கொட்டையைக் கொட்ட எங்கள் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சாமித் தாளையெல்லாம் தனியே எடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுத் தேதித் தாளை மட்டும் விரித்தார்கள். மூக்கு இரண்டாகத் தெரிகிற முருகன் அந்தத் தெருவில் ரொம்ப வருஷம் இருந்தார்.

வெயில் வந்ததும் எல்லாம் திரும்பி வந்தது. சாக்கில், பெட்டியில், அண்டாவில், ஒரு வீட்டிலிருந்து தலையணை உறையில். நடுவில் கோலிக்குண்டும், ஒரு ஒற்றைக் காதுத் திருகாணியும், கோழிமுட்டை ஒன்றும் கிடந்தன. களத்தில் குவித்தபோது பாதி திரும்பாது என்று சொன்ன கணக்கப்பிள்ளை குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். சரக்கை இறக்கிவிட்டு அன்றே ஊர் திரும்பியிருந்த பேச்சியம்மாளுக்குச் சொல்லி அனுப்பினோம். கெடவில்லை என்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும் என்று அண்ணாச்சிதான் சொன்னார். அவள் வந்து களத்து ஓரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டாள்.

குருவம்மாள் மட்டும் வரவில்லை. ஆள் அனுப்பலாமா என்று யோசித்தபோது அவளே வந்தாள். தலையில் ஒரு பெட்டி, இடுப்பில் ஒரு பானை. பெட்டியை இறக்கினாள். பானையை இறக்காமல் இடுக்கிக்கொண்டே நின்றாள். கண் வீங்கியிருந்தது. தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"பெட்டியிலே உள்ளது நல்லது. இது சுவரோரத்துலே இருந்தது. பூசணம் பூத்துப்போச்சு. அடுப்பு மேட்டுலே போட்டும் பாத்தேன். தேறலை."

பொறுக்குக்காரிகள் எல்லாம் அவளைப் பார்த்தார்கள். அவளோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் அதில் இருந்தார்கள்.

கணக்கப்பிள்ளை, "இம்புட்டுப் பெரிய குவியல்லே நாலு படி கிடந்தா யாருக்குத் தெரியப்போவுது? கலந்துட்டுப் போயிருக்கலாமேம்மா" என்றார். இரக்கத்தில்தான் சொன்னார்.

"கலந்தா இதைத் தொட்டது அம்புட்டும் காறிப் போகாதா? இந்த அக்காமாரு பிள்ளைகளைத் தரையிலே போட்டுல்ல இதைக் கட்டில்லே காய வச்சாக" என்றாள் குருவம்மாள்.

அண்ணாச்சி எழுந்து வந்தார். பானையை அவள் இடுப்பிலிருந்து வாங்கி மோந்து பார்த்தார். முகம் சுளித்தார். "வாழைக்கு நல்ல உரம்" என்று அதைத் தள்ளி வைத்தார். பிறகு அவளைக் கேட்டார்.

"சாப்பிட்டியாம்மா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"போயிச் சாப்பிட்டுட்டு வா. நாளையிலேருந்து நீ பொறுக்க வேண்டாம். வண்டி வந்தா முதல்லே நீ மூட்டையைத் திறந்து பாரு. நீ சரின்னு சொன்னா உள்ள விடுவோம்."

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி?"

"மூக்கு இருக்கு. மோந்ததை மறைக்காத வாயும் இருக்கு. இதுக்கு மேலே அந்த வேலைக்கு என்ன வேணும்?"

நான் ஓய்வு பெறுகிறவரை அவள் அந்த வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். சண்டை போடுவதை விடவில்லை. வண்டிக்காரர்களோடு, தரகர்களோடு, சில சமயம் அண்ணாச்சியோடும். ஒருமுறை மச்சினரே தன் தோப்பு வேப்பமுத்தைக் கொண்டுவந்தபோது, குடையை மடக்கி வைத்துவிட்டு அவள் மோந்து முடிக்கிறவரை காத்து நின்றார். நானே கையால் பிரித்துப் பார்த்துக் கொண்டுபோகிற மூட்டையையும் அவள் வாங்கி மோந்துதான் விடுவாள். சாவி என் இடுப்பில் இருக்கும். அவள் தலையசைத்த பிறகுதான் கதவைத் திறப்பேன்.